மழை டீச்சர் என்று பேர் வந்தது

பாப்பா, தம்பி, ரெண்டு பேருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். போன பொங்கலுக்கு வந்திருந்தபோது, பாப்பா, நீ உன் போனில் ஒரு படத்தைக் காட்டினாய். உங்கள் அம்மா யாழ் வாசிக்கிற போட்டோ. அதன் மேல் யாரோ ஒரு குடையை ஒட்டி, "டீச்சர் வாசிக்கப் போறாங்க, மாடியில காயுற துணிய எடுத்துடுங்க" என்று எழுதியிருந்தான். தம்பி சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, "அம்மா நெஜமாவே மழைக்கு வாசிச்சாங்களாப்பா? அதனாலதான் வேலை போச்சா?" என்று கேட்டான். அம்மா அடுப்படியில் இருந்தாள். காதில் விழாமல் இருந்திருக்காது. நானும் அன்றைக்கு ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன்.

நான் பன்னிரண்டாவது ஃபெயில். எழுதிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் அம்மாவிடம் காட்டாமல் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். ஊரில் சொல்லுகிற கதையை நீங்களும் நம்பி, நாளைக்கு உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மாவின் வீடு சேத்தியாத்தோப்புப் பக்கம், நெல் பயிர் வைக்கிற குடும்பம் என்பது உங்களுக்குத் தெரியும். அவள் சிதம்பரத்தில் இசை படித்தாள். பெண் பார்க்கப் போனபோது உங்கள் தாத்தா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "மாப்ள, இன்னும் மேல படிக்கணும்னு சொல்லுது. தடுக்க மாட்டீங்களே?" நான் அப்போதும் தண்ணி லாரிதான் ஓட்டினேன். "படிக்கட்டும் மாமா, நான் எதுக்குத் தடுக்கப் போறேன்" என்றேன். அவள் படித்து டாக்டர் பட்டம் வாங்கினாள். நம் தெருவில் ஒரு அம்மா இடுப்பு வலிக்கு ஊசி போடச் சொல்லி வந்து நின்றது அப்போதுதான்.

அவள் படித்தது இப்போது சபாவில் பாடுகிற பாட்டு இல்லை. நாம் ராகம் என்று சொல்லுகிறதை அந்தக் காலத்தில் பண் என்றார்கள். கோயிலில் பாடுகிற பழைய பதிகங்களுக்குத் தலைப்பில் இன்ன பண் என்று பேர் போட்டிருக்கும். பேர்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அன்றைக்கு அது காதில் எப்படி விழுந்தது என்பது வந்து சேரவில்லை. அம்மாவின் வேலை அதைத் தேடுவது. கோயில் கோயிலாகப் போய்ப் பாடுகிறவர்களைப் பாடச் சொல்லிப் பதிவு செய்வாள். ஒரே பண்ணை விருத்தாசலத்தில் ஒருத்தர் ஒரு மாதிரி பாடுவார், சீர்காழியில் இன்னொருத்தர் வேறு மாதிரி பாடுவார். எந்த இடத்தில் பிரிகிறது, எது பழசு, எது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்பாள். லீவு நாட்களில் நான் பைக்கில் கூட்டிக்கொண்டு போவேன். உள்ளே பாட்டு நடக்கும், வெளியே நான் செருப்புக்குக் காவல்.

யாழையும் அவளேதான் உண்டாக்கினாள். பழைய பாட்டுகளில் அதன் உறுப்புகளைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறதோ அதை வைத்துப் படம் வரைந்து, தேவனாம்பட்டினத்தில் படகு வேலை செய்கிற ஆசாரி ஒருவரிடம் கொடுத்தாள். அவர் அந்தத் தாளை நேராகவும் தலைகீழாகவும் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது மெதக்கணுமா?" என்று கேட்டார். அம்மா அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. ஆனால் மனுஷன் செய்து கொடுத்தார். படகு மாதிரிக் குடைந்த அடி, அதன் மேல் தோல், வில் மாதிரி வளைந்த தண்டு, நரம்புகள்.

மேடைக்குப் போனால் அறிவிப்பு செய்கிறவர், "அடுத்ததாக வீணை இசை" என்பார். அம்மா மைக்கை வாங்கி, "இது வீணை இல்லை, யாழ்" என்று பொறுமையாகச் சொல்லுவாள். வாசித்து முடித்ததும் அதே ஆள், "வீணை வாசித்த அம்மையாருக்குப் பொன்னாடை" என்பார். அந்தப் பொன்னாடைகள் லாரிக் கண்ணாடி துடைக்கக்கூட ஆகாது, தண்ணீரை உறிஞ்சாது.

சிதம்பரத்தில் ஒரு இசைக் கல்லூரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. கௌரவ விரிவுரையாளர் என்று பேர். "கௌரவத்த மட்டும் குடுத்துட்டு மத்ததெல்லாம் அவுங்களே வெச்சிக்கிறாங்க" என்பாள். கோடை லீவில் நிறுத்துவார்கள், காலேஜ் திறந்ததும் மறுபடி எடுப்பார்கள். நீங்கள் பிறந்து, தவழ்ந்து, பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் அவள் விடியற்காலை பஸ் பிடித்துச் சிதம்பரம் போய்க்கொண்டே இருந்தாள். அவளிடம் படித்த பிள்ளைகள் வேறு ஊர்களில் நிரந்தரமாகிவிட்டார்கள். இவள் மட்டும் ஒவ்வொரு வருஷமும் புதுசாகச் சேர்ந்தாள்.

இனி சொல்லப்போவது மேகராகக்குறிஞ்சி என்கிற பண்ணைப் பற்றி. எல்லா வம்பும் அந்தப் பேரில்தான் இருக்கிறது. பேரில் மேகம் இருப்பதால் அதைப் பாடினால் மழை வரும் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. இப்போது அதை நீலாம்பரி ராகத்தில் பாடுகிறார்கள். நீலாம்பரி என்றால் தாலாட்டு. உங்களைத் தூங்கப் பண்ணினதும் அதுதான். தூங்க வைக்கிற ராகத்தைப் பாடி மேகத்தை எழுப்பப் பார்க்கிறார்கள் என்று அம்மா சிரிப்பாள். அவள் சேகரித்த பழைய பாடகர்களின் பாட்டில் ஒரு ஸ்வரம் வேறு இடத்தில் நிற்கிறது. அதனால் நீலாம்பரி பின்னால் வந்தது, பழைய பண் வேறு, மழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று பெரிய கட்டுரை எழுதினாள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு ஸ்வரத்துக்காக அவள் எத்தனை வருஷம் அலைந்தாள் என்று எனக்குத் தெரியும்.

ஒரு வருஷம் கோடையில் நம் கடலூரில் தண்ணீர் இல்லை. போர் போட்டால் புழுதி வந்தது. என் லாரி நிற்க நேரமில்லாமல் ஓடியது. அதே சமயத்தில்தான் அம்மாவின் காலேஜில் பழைய இசைக்கென்று நிரந்தரமான ஒரு இடம் வந்தது. ஒரே ஒரு இடம். இத்தனை வருஷம் காத்திருந்தது அதற்குத்தான். இதை விட்டால் வயசு வரம்பு தாண்டிவிடும். அது அவளுக்கும் தெரியும், அவளுடைய துறைத் தலைவருக்கும் தெரியும்.

அவர்தான் ஒரு நாள் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். மஞ்சக்குப்பம் மைதானத்தில் மழை வேண்டி விழா எடுக்கிறார்கள், விழாக் குழுத் தலைவர் ரைஸ் மில் வைத்திருக்கிறவர், தனக்கு வேண்டியவர், யாழில் மேகராகக்குறிஞ்சி வாசித்தால் பேப்பரில் வரும், இன்டர்வியூ நேரத்தில் அது உதவும். அம்மா வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்கி வைக்காமல் சொன்னாள்.

"என்னங்க, மழைக்குன்னு வாசிக்க எனக்கு இஷ்டமில்ல."

"அப்ப வேணாம்னு சொல்லிடு."

"வாசிக்கிறதுக்கு முன்னாடி பேச விடுங்க, இந்தப் பண்ணு என்னான்னு நான் சொல்லணும்னு கேட்டேன். சரின்னுட்டாரு. அவ்ளோ ஜனம் வேற எங்க வரும் இதக் கேக்க?"

அவள் ஒப்புக்கொண்டது அதற்காக. நீங்கள் இதை மறக்கக் கூடாது.

விழா அன்றைக்கு நானும் மைதானத்துக்குப் போயிருந்தேன், பார்க்க இல்லை, தண்ணி லோடு இறக்க. மழைக்கு மந்திரம் சொல்லுகிறவர்கள் தண்ணீர் நிறைந்த அண்டாவுக்குள் கழுத்தளவு உட்கார்ந்துதான் சொல்ல வேண்டுமாம். தெருவில் குடிக்கத் தண்ணீர் இல்லை, அங்கே வரிசையாகப் பித்தளை அண்டா. நான் ஹோஸ் பிடித்து நிரப்பிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் லோடு கொண்டுவந்த இன்னொரு டிரைவர் கதவைத் திறந்துகொண்டு இறங்காமலே கேட்டான்.

"மச்சான், பொண்டாட்டி மழ வரச்சொல்லி வாசிக்குது. நீ தண்ணி விக்கிற. மழ வந்தா உன் பொழப்பு போச்சு, வரலன்னா அது மானம் போச்சு. எப்படிப் பார்த்தாலும் இன்னிக்கி உனக்குச் சோறு கெடையாது."

"ஹோஸ உன் பக்கம் திருப்பட்டுமா மச்சான்?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

மேடையில் விழாக் குழுத் தலைவர் அம்மாவிடம் வந்தார். "அம்மா, நீங்களும் அண்டாவுல ஒக்காந்துதான் வாசிக்கணும். அதான் முறை" என்றார்.

"சார், யாழுக்கு மேல தோல் போட்டிருக்குது. நனைஞ்சா சத்தம் செத்துடும்."

"மழ வந்தா நனையத்தானேம்மா போவுது!"

"நான் தரையிலதான் ஒக்காருவேன் சார்."

"காலயாவது வைங்க. போட்டோவுக்கு."

கடைசியில் ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அவள் முன்னால் வைத்தார்கள். அவள் காலை இழுத்துக்கொண்டாள். பேசுவதற்கு எழுந்தபோது அறிவிப்பு செய்கிறவர், "பேச்செல்லாம் வேணாம் மேடம், நல்ல நேரம் முடியப் போவுது" என்றார். அம்மா விடவில்லை. மைக்கைப் பிடித்து, "இந்தப் பண்ணுக்கும் மழைக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. இது பழந்தமிழர்..." என்று ஆரம்பித்தாள். அவர் கையிலிருந்த இன்னொரு மைக்கில், "பார்த்தீர்களா அம்மையாரின் தன்னடக்கத்தை!" என்று கத்தினார். கூட்டம் கை தட்டியது. மேற்கொண்டு அவள் என்ன பேசினாளோ, கைதட்டலில் கேட்கவில்லை. பிறகு உட்கார்ந்து வாசித்தாள். பழைய முறையில், அந்த ஸ்வரத்தைப் பழைய இடத்தில் வைத்து. அதைக் கவனித்தவர் அந்த மைதானத்தில் யாரும் இல்லை.

அது அத்தோடு போயிருக்க வேண்டும். ஆனால் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது.

கோடை மழை. கடலூர், விழுப்புரம் பக்கம் மாலையில் இடியோடு பெய்யும் என்று காலையிலேயே டிவியில் சொல்லியிருந்தார்கள். அதை யார் ஞாபகம் வைத்திருந்தது? ஜனங்கள் மழையில் குதித்தார்கள். ரைஸ் மில்காரர் நனைந்த வேட்டியோடு ஓடி வந்து அம்மா காலில் விழுந்தார். அவள் யாழின் மேல் தன் முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டு, "எழுந்திருங்க சார், எழுந்திருங்க சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் பேப்பரில் போட்டோவோடு வந்தது. யாழ் மீட்டி மழையை வரவழைத்த பேராசிரியை என்று தலைப்பு. அம்மா அந்த ஆபீசுக்குப் போன் போட்டு, நான் அப்படிச் சொல்லவில்லை, மறுப்பு போடுங்கள் என்று கேட்டாள். "மேடம், நல்லதுதானே போட்டிருக்கோம். எல்லாரும் தப்பா எழுதிட்டாங்கன்னுதான் சண்டைக்கு வருவாங்க, நீங்க ஒருத்தர்தான் பாராட்டுனதுக்குச் சண்டை போடுறீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

அதோடு அவள் மழை டீச்சர் ஆகிவிட்டாள். பண்ருட்டியிலிருந்து கூப்பிட்டார்கள், திண்டிவனத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு இடத்துக்கும் போகவில்லை. கூப்பிட்ட எல்லோரிடமும், மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று முதலிலிருந்து விளக்கினாள். "ரேட் ஜாஸ்தி பண்ணிட்டாங்க போல" என்று பேசிக்கொண்டார்கள். கட்டுரை எழுதி யாரிடம் கொடுத்தாலும் படிக்காத ஊர், செய்யாத ஒன்றுக்கு அவளைத் தலையில் தூக்கி வைத்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை, பயமாகவும் இருந்தது. "தூக்குனவங்க ஒரு நாள் எறக்குவாங்க, அது எங்க எறக்குவாங்கன்னு தெரியல" என்றாள்.

எங்கே இறக்கினார்கள் என்பது ஐப்பசியில் தெரிந்தது. அந்த வெள்ளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து பேப்பர் கப்பல் விட்டீர்கள். தெருவில் இடுப்பளவு தண்ணீர். எதிர் வீட்டுக்காரர் கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும்போது மேலே பார்த்து, "டீச்சர், ஆன் பண்ணத் தெரிஞ்ச உங்களுக்கு ஆஃப் பண்ணத் தெரியலியா?" என்றார். அது விளையாட்டு. அம்மாவும் சிரிக்கப் பார்த்தாள். ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு, நானும் அம்மாவும் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கப் போன இடத்தில் ஒரு பெண் பொட்டலத்தை வாங்கவில்லை. அவள் வீட்டுச் சுவர் விழுந்திருந்தது. "நீதானே வாசிச்ச? பேப்பர்ல பாத்தேன். கேட்டியே மழ, வந்துச்சு பாரு. உள்ள வந்து பாரு" என்றாள். அம்மா உள்ளே போய்ப் பார்த்தாள். வெளியே வந்து பொட்டலத்தை அந்தப் பெண்ணின் மகள் கையில் கொடுத்தாள். அவளிடமாவது, நான் இல்லை என்று சொல்லியிருக்கலாமே என்று வழியில் கேட்டேன். "வீடு போனவகிட்ட என்னா ஆராய்ச்சி பேசச் சொல்றீங்க?" என்றாள்.

வெள்ளம் வடிந்த கையோடு இன்டர்வியூ வந்தது. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். காலேஜ் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றேன். உள்ளே போன வேகத்திலேயே வந்துவிட்டாள். சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து, டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

வெளியூரிலிருந்து வந்திருந்த ஒருத்தர் அந்தப் பேப்பர் துண்டை மேஜையில் வைத்திருந்தாராம். "நீங்க ஆராய்ச்சியாளரா, மந்திரவாதியா? மூடநம்பிக்கையைப் பரப்புறவங்கள எப்படிப் பிள்ளைங்க முன்னாடி நிறுத்துறது?" என்று கேட்டாராம். அம்மா, "நான் அப்படிச் சொல்லவே இல்லை சார். மழைக்கும் பண்ணுக்கும் தொடர்பு இல்லைன்னு கட்டுரையே எழுதியிருக்கேன்" என்று எடுத்து நீட்டியிருக்கிறாள். உடனே பக்கத்திலிருந்த இன்னொருத்தர், நெற்றி நிறைய விபூதி, நிமிர்ந்து உட்கார்ந்தாராம். "அப்ப பெரியவங்க சொன்னதெல்லாம் பொய்யா? சாமி பாட்டுக்குச் சக்தி இல்லன்னு எழுதுறவங்களுக்கு இதச் சொல்லிக் குடுக்க என்ன தகுதி?"

மழை வரும் என்று சொன்னதற்காக ஒருத்தர் கழித்தார். மழை வராது என்று சொன்னதற்காக ஒருத்தர் கழித்தார். ரெண்டு பேரும் ஒரே மேஜையில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். துறைத் தலைவரும் அங்கேதான் இருந்தார். நான்தான் இவரை அந்த விழாவுக்கு அனுப்பினேன் என்று அவர் சொல்லவில்லை. பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாராம்.

"அந்தப் பண்ண வாசிச்சுக் காட்டச் சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. யாழ வெளியவே வெச்சிட்டு வரச் சொல்லிட்டாங்க."

அந்த இடத்துக்கு வேறொருத்தர் வந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, வயலின் நன்றாக வாசிப்பாராம். பழைய பண்களுக்கு அம்மாவின் கட்டுரையைத்தான் நகல் எடுத்துப் பாடமாகக் கொடுக்கிறார் என்று ஒரு மாணவி பஸ்ஸில் சொன்னாள். கட்டுரையில் அம்மா பேர் இருக்கிறதா என்று கேட்டேன். முதல் பக்கம் நகலில் விழவில்லை என்றாள். நிரந்தரமாக ஒருத்தர் வந்துவிட்டதால் கௌரவ விரிவுரையாளர் இனித் தேவையில்லை என்று அடுத்த வருஷம் அம்மாவை எடுக்கவும் இல்லை. இப்போது அவள் போகிற நர்சரிப் பள்ளிக்கூடத்தில் பிரேயர் பாட்டு சொல்லிக் கொடுக்கிறாள். ஆண்டு விழா வந்தால் டான்ஸுக்குப் பாட்டுத் தொகுத்துக் கொடுக்கிறாள். வானம் இருட்டினால் அங்கேயும் யாராவது அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

யாழ் காலேஜ் அறையிலேயே இருந்தது. எடுத்து வர அம்மா போகவில்லை. புவனகிரியில் லோடு இறக்கிவிட்டுக் காலி லாரியோடு நான் போனேன். வராண்டாவில் துறைத் தலைவர் எதிரே வந்துவிட்டார்.

"வாங்க. அம்மா நல்லா இருக்காங்களா?"

"நீங்க அனுப்புன எடத்துக்குப் போனாங்க சார். அதுக்கப்புறம் எங்க நல்லா இருக்கிறது?"

"அது கமிட்டி முடிவு. நான் என்ன பண்ண முடியும்?"

"நான்தான் அனுப்பினேன்னு சொல்லியிருக்கலாம் சார். அவ்ளோதான்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "உணர்ச்சிவசப்படாதீங்க" என்றார். வாசலில் நின்ற லாரி அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. "ஹாஸ்டல்ல நேத்திலேந்து தண்ணி வரல. ஒரு லோடு அனுப்ப முடியுமா?"

முடியாது என்று எனக்கு வாய் வரை வந்தது. ஆனால் ஹாஸ்டலில் இருந்ததெல்லாம் இப்போது உங்களுக்கு ஆகிற வயசுப் பிள்ளைகள். லோடு அனுப்பினேன்.

யாழை ஒரு பெட்ஷீட்டில் சுற்றி லாரியில் என் பக்கத்து சீட்டில் நிறுத்தி வைத்தேன். கிளம்பும்போது அம்மாவுக்குப் போன் பண்ணினேன். எடுத்துவிட்டேன், வந்துகொண்டிருக்கிறேன் என்றேன்.

"நரம்ப எறக்கிட்டீங்களா?"

"இல்ல."

"எறக்கிடுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

நாளைக்கோ மறுநாளோ வாசிப்பதாக இருந்தால் நரம்பை இறக்க மாட்டார்கள். மாசக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால்தான் இறக்குவார்கள், இல்லாவிட்டால் இழுவையில் தண்டு வளைந்துவிடும். அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று.

வெள்ளாற்றுப் பாலம் தாண்டி ஓரமாக லாரியை நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். பெட்ஷீட்டை விலக்கினேன். அந்த யாழுக்கு வீணையில் இருக்கிற மாதிரி முறுக்காணி கிடையாது, தண்டைச் சுற்றி ஒவ்வொரு நரம்புக்கும் ஒரு தோல் வார் கட்டியிருக்கும். வாரைக் கீழே தள்ளினால் நரம்பு தளரும். இறுகிப் போயிருந்ததால் கட்டை விரலால் அழுத்தி அழுத்தித் தள்ள வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் தளரும்போது ஒரு சத்தம் கொடுத்துக்கொண்டே இறங்கியது. பஸ்ஸும் லாரியும் பக்கத்தில் என் வண்டியை ஆட்டிக்கொண்டு போயின. எல்லாவற்றையும் தளர்த்தி முடித்ததும், உள்ளங்கையால் ஒரு தடவை தடவிப் பார்த்தேன். எதுவும் சத்தம் கொடுக்கவில்லை. பெட்ஷீட்டை மறுபடி சுற்றி, ரோட்டில் ஆடாமல் இருக்க சீட் பெல்ட்டைப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.